நிலம் யார் பெயரில்? ஜொகூர் தோட்டத் தமிழர் வரலாற்றில் வருமானமும் சொத்தும்



ஏழ்மை, ஏற்றத்தாழ்வு, வாழ்க்கைச் செலவு என்று தேர்வில் ஒரு தலைப்பு வந்துவிட்டால் நம் மாணவர்களின் விடைத்தாள்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடும். "நம்மவர்களிடம் சேமிப்புப் பழக்கம் இல்லை. குடிப்பழக்கம் அதிகம். கல்வியில் அக்கறை குறைவு. ஆகவே ஏழ்மையில் இருக்கிறார்கள்." மொழி நன்றாக இருந்தால் புள்ளியும் கிடைத்துவிடும். திருத்துகிற நாமும் 'சரி' போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம்.

இந்த விடை முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரலாற்றில் பாதியை விட்டுவிட்ட விடை. தாத்தா பாட்டி காலத்தில் பால்மரம் வெட்டிய ஒரு குடும்பத்துப் பிள்ளை, தன் குடும்பம் ஏழையானதற்குத் தன் குடும்பமே காரணம் என்று தேர்வுத் தாளில் எழுதிக்கொடுக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மீதிப் பாதியையும் சொல்லித் தருவது நம் கடமை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஜொகூர் மாநிலத்தை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டு, "நிலம் யார் பெயரில் இருந்தது?" என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவோம்.

1. முதலில் இரண்டு சொற்கள்

வருமானம், சொத்து. இந்த இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். வருமானம் என்பது மாதாமாதம் கைக்கு வருவது. சம்பளம், கூலி, ஓய்வூதியம் எல்லாம் இதில் அடங்கும். சொத்து என்பது உங்கள் பெயரில் நிற்பது. நிலம், வீடு, பங்குகள், சேமநிதி இவையெல்லாம் சொத்து.

ஒரே தெருவில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மாத வருமானம் 4,000 ரிங்கிட். ஒரு குடும்பம் சொந்த வீட்டில் இருக்கிறது; இன்னொன்று வாடகை வீட்டில். வருமானக் கணக்கில் இருவரும் சமம். இருபது வருடம் கழித்துப் பாருங்கள். ஒருவர் கையில் விலை ஏறிய வீடு, அடுத்தவர் கையில் வாடகை ரசீது. முதல் வீட்டுப் பிள்ளை படிக்கக் கடன் வாங்கினால் வங்கி நம்பிக் கொடுக்கும். இரண்டாவது வீட்டுப் பிள்ளைக்கு யார் கொடுப்பார்?

பிரெஞ்சுப் பொருளியல் அறிஞர் தோமா பிக்கெட்டி 2013இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் பல நாடுகளின் நீண்ட காலக் கணக்குகளைக் கொண்டு விளக்கினார். சொத்திலிருந்து வரும் வருவாய், நாட்டின் பொருளாதார வளர்ச்சியைவிட வேகமாகக் கூடும்போது, ஏற்கனவே சொத்து வைத்திருப்பவரிடமே மேலும் செல்வம் சேரும் என்பது அவர் வாதம். ஜொகூர் தோட்டங்களின் கதையைப் படிக்க இந்தக் கண்ணாடி நன்றாக உதவும்.

2. ரப்பருக்கு முன், ரப்பருக்குப் பின்

ஜொகூரில் நிலம் பணமாக மாறியது ரப்பரோடு தொடங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கே மிளகும் கேம்பியரும்தான் பெரிய பயிர்கள். ஆற்றங்கரை நிலங்களைத் திறக்க ஜொகூர் ஆட்சியாளர் சீனத் தலைவர்களுக்கு 'சூராட் சுங்கை' எனப்படும் ஆற்று உரிமைக் கடிதம் வழங்கினார். அந்தத் தலைவரைக் கங்சு என்பார்கள். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் போன்ற ஊர்ப்பெயர்கள் அந்தக் காலத்தின் எச்சம். 1917இல் கங்சு முறை ஒழிக்கப்பட்டது.

அதற்குள் நிலைமை மாறிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த் தொழில் வளர, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. விலை எகிறியது. 1909இல் ஜொகூர் வழியாக ரயில் பாதை முடிந்தது. 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஜொகூர் ஏற்றுக்கொண்டது. 1924இல் சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று ரயில் பாதையை ஒட்டித் தோட்டங்கள் பெருகின. மூலதனம் பெரும்பாலும் லண்டனிலிருந்து வந்தது. ஜப்பானிய முதலாளிகளும் ஜொகூரில் ரப்பர் போட்டார்கள். லாபம் கப்பலேறிப் போனது.

உழைப்பு எங்கிருந்து வந்தது? அது உங்களுக்குத் தெரியும்.

3. கங்காணி, கூலி, லயம்

ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபோது கங்காணி முறை முழு வீச்சில் இருந்தது. 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தொழிலாளரின் கப்பல் செலவை ஏற்றுக்கொண்டது. கங்காணி தன் ஊருக்குப் போய், தன் சாதி சனத்தை, அக்கம்பக்கத்தாரைத் திரட்டிக்கொண்டு வந்தார். நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்களில் கப்பல் ஏறிய குடும்பங்கள் தோட்டத்து லயத்தில் வந்து இறங்கின. கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் எல்லாம் 'இலவசம்' போலத் தெரியும். வீடு தோட்டத்துடையது. ஆயாக்கொட்டகை தோட்டத்துடையது. பள்ளிக்கூடமும் தோட்டத்துடையது. 1920களின் தொழிலாளர் சட்டங்கள் தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று சொன்னதால்தான் அந்தப் பள்ளிகளே எழுந்தன. கோயில் நிற்கிற நிலமும் தோட்டத்துடையதுதான். கள்ளுக்கடையைக்கூடத் தோட்ட நிர்வாகமே உரிமம் வாங்கி நடத்தியது. ஆக, வேலை இருக்கும்வரை எல்லாம் உண்டு. வேலை போனால் எதுவுமே இல்லை. ஒரு தொழிலாளி முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தாலும் அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட அவர் பெயரில் கிடையாது.

கூலியைப் பாருங்கள். 1920களின் இறுதியில் தரக்கூலி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை சரிந்ததும் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அதே மரம், அதே வேலை; பெண்ணுக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மந்தம் நீடித்தபோது ஒரு இலட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியதும் மறுபடி ஆள் எடுத்தார்கள்.

சேமிப்பு இல்லை என்கிறோமே, எதிலிருந்து சேமிப்பது? எந்த மண்ணில் வேர் விடுவது? ஜப்பானியர் ஆட்சியில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்திலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். பல லயங்களில் உழைக்கிற ஆள் திரும்பி வரவேயில்லை. போர் முடிந்தபோது அந்தக் குடும்பங்கள் சுழியத்திலிருந்து தொடங்கின.

4. துண்டாடலும் பத்து வெள்ளியும்

1950களில் நாடு விடுதலையை நோக்கிப் போனது. பிரிட்டிஷ் முதலாளிகள் சிலருக்குப் பயம் வந்தது. புதிய அரசு என்ன செய்யுமோ என்று தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கிய வியாபாரிகள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். இதுதான் தோட்டத் துண்டாடல். இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட தோட்ட நிலம் இப்படிக் கூறு போடப்பட்டது. ஜொகூரும் இதில் தப்பவில்லை.

துண்டு நிலத்தை வாங்கியவருக்கு லயமும் வேண்டாம், ஆயாக்கொட்டகையும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம். குறைந்த ஆள் போதும். பல தலைமுறை இருந்த குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தன. இதை ஆராய அரசு அமைத்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் ஜொகூர் அரச குடும்பத்தோடு தொடர்புடைய பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை அந்த ஆய்வு பதிவு செய்தது. இவரைப் பற்றி இன்னொரு செய்தியும் மாணவர்களுக்குப் பயன்படும். கிராமத்து ஏழ்மையை அளக்க இவர் 'கைலிக் குறியீடு' என்ற எளிய முறையைச் சொன்னவர். ஒரு வீட்டில் எத்தனை கைலி, எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் அந்த வீட்டின் நிலை தெரிந்துவிடும் என்றார்.

இந்தச் சூழலில்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். திட்டம் மிக எளியது. தொழிலாளி மாதம் 10 வெள்ளி கட்ட வேண்டும். 100 வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. சேர்ந்த பணத்தில், விற்பனைக்கு வருகிற தோட்டத்தைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கிவிடுவது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1961இல் கெடாவில் முதல் தோட்டம் வாங்கப்பட்டது. அடுத்தடுத்து மற்றத் தோட்டங்களும் வந்தன.

"நம்மவர்களிடம் சேமிப்புப் பழக்கம் இல்லை" என்ற வரிக்கு வரலாறு தருகிற பதில் இதுதான். நாள் கூலியில் வாழ்ந்த பல்லாயிரம் பேர் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கியிருக்கிறார்கள். சேமிக்க ஒரு வழியும், நம்பிக்கையான ஓர் அமைப்பும், தன் பெயர் எழுதிய ஒரு பத்திரமும் கிடைத்தபோது அவர்கள் சேமித்தார்கள். குடிப்பழக்கத்தை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். 1946, 1947இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைக்கு எதிராகப் போராடினார்கள். கடையை நடத்தியது யார், மூடச் சொன்னது யார் என்று நீங்களே பாருங்கள்.

இன்னொரு பக்கம், 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பி.பி. நாராயணன் தலைமையில் கூலிக்காகப் பேரம் பேசியது. கூலி உயர்ந்தது உண்மை. ஆனால் அந்தக் கால ஒப்பந்தங்களில் கூலி ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. விலை இறங்கினால் கூலியும் இறங்கும். அதாவது, நட்டத்தில் தொழிலாளிக்குப் பங்கு உண்டு; நிலத்தின் விலை ஏறினால் அதில் பங்கு கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தை மாணவர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம்.

5. 1970: எண்கள் சொல்கிற கதை

1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதற்கு இரண்டு முனைகள். ஒன்று, இன வேறுபாடு பார்க்காமல் வறுமையை ஒழிப்பது. இரண்டு, இனத்தை வைத்துத் தொழிலை அடையாளம் காணும் நிலையை மாற்றிச் சமுதாயத்தைச் சீரமைப்பது. அப்போது தீபகற்ப மலேசியக் குடும்பங்களில் 49.3 விழுக்காடு வறுமையில் இருந்தன.

1970ஆம் ஆண்டுக் கணக்கில் மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் எண்: குடும்பங்களின் சராசரி மாத வருமானம். பூமிபுத்ரா 172 வெள்ளி, சீனர் 394, இந்தியர் 304. எல்லாருக்கும் சேர்த்து 264. இதைப் பார்த்தால் இந்தியர் நாட்டுச் சராசரிக்கு மேலேதான் இருக்கிறார்கள். "அப்புறம் என்ன குறை?" என்று கேட்கத் தோன்றும்.

இரண்டாவது எண்: நிறுவனப் பங்குடைமை. வெளிநாட்டவர் 63 விழுக்காட்டுக்கு மேல், சீனர் 27.2, பூமிபுத்ரா 2.4, இந்தியர் 1.1. மக்கள் தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒருவராக இருந்தவர்களின் கையில் நூற்றுக்கு ஒன்று.

மூன்றாவது எண்: தொழில்வாரி வறுமை. நெல் விவசாயிகளில் 88.1 விழுக்காடு, ரப்பர்ச் சிறுதோட்டக்காரர்களில் 64.7 விழுக்காடு, தோட்டத் தொழிலாளர்களில் 40 விழுக்காடு.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை தெரியும். 304 என்ற சராசரிக்குள் வழக்கறிஞரும் மருத்துவரும் வட்டிக்கடைக்காரரும் இருக்கிறார்கள். பால்மரம் வெட்டுகிறவரும் இருக்கிறார். சராசரி என்பது ஒரு போர்வை மாதிரி. உள்ளே யார் குளிரில் நடுங்குகிறார் என்று வெளியே தெரியாது.

இன்னொன்று. நெல் விவசாயியும் சிறுதோட்டக்காரரும் தோட்டத் தொழிலாளியைவிட வருமானத்தில் ஏழைகள். அதை மறைக்கக் கூடாது. மலாய்க் கிராமங்களின் வறுமை அன்று கடுமையானது; அதை ஒழிக்க அரசு எடுத்த முயற்சி நியாயமானது. ஆனால் சிறுதோட்டக்காரர் பலருக்குக் கொஞ்சமாவது சொந்த நிலம் இருந்தது. 1956இல் தொடங்கிய ஃபெல்டா திட்டம் நிலமில்லாத கிராமத்தாரைக் குடியேற்றி, அவர்களுக்கு நிலமும் வீடும் கிடைக்க வழி செய்தது. ஜொகூரில் ஃபெல்டா குடியிருப்புகள் ஏராளம். தோட்டத் தொழிலாளி கிராமப்புறத்தில்தான் வாழ்ந்தார். ஆனால் தோட்டம் தனியார் நிலம். ஆகவே கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் தோட்ட வாசலோடு நின்றுவிட்டன. சாலை, குடிநீர், மின்சாரம் எல்லாம் 'நிர்வாகத்தின் பொறுப்பு' ஆனது.

6. 1981: ஒரே காலையில்

1981 செப்டம்பர் 7. லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில், மலேசியாவின் தேசிய முதலீட்டுக் கழகமான பி.என்.பி., கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளைத் தன்வசமாக்கியது. சுமார் இரண்டு இலட்சம் ஏக்கர் தோட்ட நிலம் மலேசியர் கைக்கு வந்தது. வரலாற்றுப் புத்தகங்கள் இதை 'விடியற்கால அதிரடி' என்று குறிப்பிடுகின்றன. காலனி ஆட்சியில் போன நிலம் சட்டப்படி, ஒரு தோட்டா வெடிக்காமல் திரும்பி வந்தது. நாட்டுக்கு அது பெருமைதான்; மாணவர்கள் அதை அப்படியே எழுதலாம்.

ஆனால் நம் கேள்வியை மறந்துவிடாதீர்கள். நிலம் யார் பெயரில்? லண்டன் பங்குதாரர் பெயரிலிருந்து கோலாலம்பூர் நிறுவனத்தின் பெயருக்கு மாறியது. பி.என்.பி. வழியாகச் சாதாரண மக்கள் பங்கு பெற 1981இல் தொடங்கப்பட்ட தேசியப் பங்குத் திட்டம், பூமிபுத்ரா மக்களுக்கானது. மறுநாள் காலை பெரட்டுக்குப் போன தொழிலாளிக்கு என்ன மாறியது? துரை மாறியிருக்கலாம். பெயர்ப் பலகை மாறியிருக்கலாம். லயம் அதே லயம். கூலி அதே நாள் கூலி.

7. தோட்டம் தாமான் ஆனது

ஜொகூர் பாரு பக்கத்து மாணவர்களே, உங்கள் ஊரின் தமிழ்ப்பள்ளிப் பெயர்களைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி. மவுண்ட் ஆஸ்டின் தோட்டத் தமிழ்ப்பள்ளி. தெப்ராவ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. பெயரில் தோட்டம் இருக்கிறது. வெளியே எட்டிப் பார்த்தால் தோட்டம் எங்கே? வீடமைப்புப் பகுதி, பேரங்காடி, ஆறு வழிச் சாலை. தோட்டம் போய்விட்டது, பள்ளியின் பெயர் மட்டும் சாட்சியாக நிற்கிறது.

1980களிலிருந்து ரப்பர் குறைந்து செம்பனை பெருகியது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அதே காலத்தில் தொழிற்சாலைகளும் வீடமைப்பும் வளர்ந்தன. 2006இல் இஸ்கண்டார் மலேசியா வட்டாரம் அறிவிக்கப்பட்டதும் தென் ஜொகூரின் நில விலை இன்னொரு தளத்துக்குப் போனது. இப்போது தரவு மையங்களின் முறை. கூலாயில் ஒரு பழைய தோட்டமான கூலாய் யங் தோட்டம் 400 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் கைமாறி, அங்கே தரவு மையப் பூங்கா எழும்பியிருக்கிறது.

இந்த விலையேற்றத்தில் தொழிலாளிக்கு என்ன வந்தது? சட்டப்படி வரவேண்டியது வந்தது. 1980ஆம் ஆண்டின் பணிநீக்கப் பலன் விதிமுறைப்படி, 5 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். ஒரு கணக்குப் போடுவோம். முப்பது வருடம் உழைத்தவர். நாள் கூலி 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 30 × 20 × 20 = 12,000 வெள்ளி. அந்தப் பணத்தோடு அவர் லயத்தையும் காலி செய்ய வேண்டும். 12,000 வெள்ளியில் ஜொகூர் பாருவில் என்ன வாங்க முடியும்? ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல், நிலையான மாதச் சம்பளம் இல்லாதவருக்கு வங்கி எளிதில் கடன் தருமா? ஆகவே பலர் நகரத்து ஓரங்களில் புறம்போக்கு வீடுகளுக்கும் வாடகை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். தோட்டத்தில் ஏழையாக இருந்தபோது சுற்றிச் சொந்தக்காரர் இருந்தார்கள், கோயில் இருந்தது, ஆயாக்கொட்டகை இருந்தது. நகரத்தில் ஏழ்மை மட்டும் கூட வந்தது.

சில தோட்டங்களில் தொழிலாளர்கள் போராடி மாற்று வீடு பெற்றதும் உண்டு. சில பள்ளிகளுக்குப் புதுக் கட்டடமும் நிலமும் கிடைத்ததும் உண்டு. அவை தானாகக் கிடைத்தவையல்ல, கேட்டுப் பெற்றவை.

லயம் காலியாகவில்லை என்பதையும் கவனியுங்கள். இன்று செம்பனைத் தோட்டத்து வீடுகளில் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் இருக்கிறார்கள். வேலை இருந்தால் வீடு, வேலை போனால் வெளியே என்ற பழைய விதியோடுதான். நம் தாத்தா பாட்டி பட்ட பாட்டை இப்போது வேறு மொழி பேசுகிறவர்கள் படுகிறார்கள்.

8. வறுமைக் கோட்டை யார் போட்டது?

1970இல் மலேசியாவின் கினி எண் 0.513. 2022இல் 0.404. (இத்தாலிய அறிஞர் கொர்ராடோ கினி 1912இல் உருவாக்கிய இந்த அளவில் 0 என்றால் முழுச் சமத்துவம், 1 என்றால் எல்லா வருமானமும் ஒருவரிடமே.) ஆகவே வருமான ஏற்றத்தாழ்வு குறைந்திருக்கிறது. அதை நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அளவுகோலையும் கேள்வி கேட்கப் பழகுங்கள். 2016இல் வறுமைக் கோடு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட். அதன்படி 0.4 விழுக்காட்டினர் மட்டுமே ஏழைகள். 2019 ஆகஸ்டில் ஐ.நா.வின் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்தார். இந்தக் கோடு மிகவும் தாழ்வானது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2020இல் அரசு கோட்டை 2,208 ரிங்கிட்டாக உயர்த்தியது. புதுக் கோட்டின்படி 2019இல் ஏழைக் குடும்பங்கள் 5.6 விழுக்காடு, நான்கு இலட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள். ஒரே இரவில் இத்தனை பேர் ஏழைகள் ஆகிவிடவில்லை. முன்பே இருந்தார்கள்; கோடுதான் அவர்களைக் காட்டவில்லை.

2022இல் நாட்டின் சராசரிக் குடும்ப வருமானம் 8,479 ரிங்கிட். நடு வருமானம், அதாவது எல்லாக் குடும்பங்களையும் வரிசையாக நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் வருமானம், 6,338 ரிங்கிட். மேலே உள்ள சிலரின் பெரிய வருமானம் சராசரியை இழுத்துவிடுகிறது. அதே ஆண்டில் மேல் 20 விழுக்காட்டினர் மொத்த வருமானத்தில் 46.3 விழுக்காட்டைப் பெற்றார்கள். கீழ் 40 விழுக்காட்டினர் 16.1. ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்தால் ஏறக்குறைய ஆறு மடங்கு வித்தியாசம். இது வருமானம் மட்டும். வீடு, நிலம், பங்கு எல்லாவற்றையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும்.

ஜொகூருக்கு இன்னொரு கூடுதல் அடுக்கும் இருக்கிறது. 1973 மே வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமம். இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். ஜொகூரின் நடு வருமானம் நாட்டு அளவைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் பாலம் தாண்டிச் சம்பாதிக்கும் வீடும், இங்கேயே குறைந்தபட்சச் சம்பளத்தில் வாழும் வீடும் ஒரே தாமானில் ஒரே விலைக்குத்தான் வாடகை கொடுக்கின்றன. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2025இல் 1,700 ஆகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் சம்பளம் படியேறும்போது நிலத்தின் விலை மின்தூக்கியில் ஏறுகிறது.

9. விடை எழுதும்போது

இவ்வளவும் சொன்னது, தனிமனிதப் பொறுப்பு வேண்டாம் என்பதற்காக அல்ல. படிக்க வேண்டும், சேமிக்க வேண்டும், குடியை விட வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் காரணங்களை எழுதும்போது இரண்டு பக்கமும் எழுத வேண்டும். இப்படி வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்:

• வருமானத்தையும் சொத்தையும் வேறுபடுத்தித் தொடங்குங்கள்.
• நிலம் கைமாறிய கட்டங்களைக் காலவரிசையில் சொல்லுங்கள்: காலனி நிறுவனம், துண்டாடல், தேசிய நிறுவனம், வீடமைப்பு.
• ஒவ்வொரு கட்டத்திலும் ஆதாயம் யாருக்கு, இழப்பு யாருக்கு என்று ஒரு வரி எழுதுங்கள்.
• சராசரியை மட்டும் நம்பாதீர்கள். சராசரிக்குள் யார் மறைந்திருக்கிறார் என்று கேளுங்கள்.
• பிற இன ஏழைகளின் நிலையையும் குறிப்பிடுங்கள். ஏழ்மை ஓர் இனத்துக்குச் சொந்தமானதல்ல.
• தீர்வில், அறிவுரை மட்டும் சொல்லாமல் வழிமுறை சொல்லுங்கள். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அதற்கு நல்ல முன்மாதிரி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "சோம்பேறித்தனமே காரணம்" என்று ஒரு தாள் வந்தால், சிவப்பு மையில் "நிலம் யார் பெயரில் இருந்தது?" என்று ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் 'சோம்பேறி' என்ற சொல்லைத் தங்கள் மேல் தாங்களே எழுதக் கூடாது.

சிந்தனைக் கேள்விகள்

1. 1970இல் இந்தியரின் சராசரி வருமானம் நாட்டுச் சராசரியைவிட அதிகம். ஆயினும் தோட்டத் தமிழர் ஏழைகளாக இருந்தனர். விளக்குக.
2. தோட்டத் துண்டாடலின் விளைவுகளையும் அதற்கு எழுந்த கூட்டுறவு முயற்சியையும் ஒப்பிடுக.
3. கத்ரி நிறுவனம் 1981இல் கைமாறியதால் நாட்டுக்கு ஏற்பட்ட நன்மை என்ன? தோட்டத் தொழிலாளிக்கு ஏற்பட்ட மாற்றம் என்ன?
4. வறுமைக் கோட்டை உயர்த்தினால் ஏழைகளின் எண்ணிக்கை கூடுகிறது. இது பின்னடைவா, முன்னேற்றமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. உம் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெயரில் உள்ள தோட்டம் இன்று என்னவாக இருக்கிறது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதுக.